நான் பிளக் துடைத்த கதை

சென்ற பொங்கல் விழாவன்று நம் சங்க மண்டபத்துப் பந்தியில் எனக்குப் பக்கத்து இலையில் உட்கார்ந்திருந்த அன்பர் ஒருவர், "சார், நீங்க ரயில்வே இன்ஜினியராச்சே, ஒரு சந்தேகம். பையன் டர்போ கார் வச்சிருக்கான். நாலு ஸ்பார்க் பிளக் மாத்த எட்டாயிரம் ஆகும்கிறாங்க. ஸ்கூட்டர்ல நாம எமரித் தாளால தேச்சுத் தேச்சுப் போட்டு ஓட்டினதுதானே? அது மாதிரி இதையும் தேச்சுப் போட்டா ஓடாதா?" என்று கேட்டார்.

சாம்பாருக்கு ஆரம்பித்த பதில் மோர் வந்தும் முடியவில்லை. பரிமாறிக் கொண்டிருந்த நம் பத்திரிகை ஆசிரியர், "இதை எழுதிக் கொடுத்துடுங்க சார், அவராவது நிம்மதியா சாப்பிடட்டும்" என்றார். எழுதுகிறேன்.

முதலில் என் தகுதியைச் சொல்லிவிட வேண்டும். நான் டிப்ளமோ படித்துவிட்டு 1980களின் தொடக்கத்தில் ரயில்வேயில் சேர்ந்தவன். பணிக்காலத்தில் பெரும்பகுதி இட்டார்சி டீசல் ஷெட்டில் கழிந்தது. 16 சிலிண்டர், 2,600 குதிரைத்திறன் கொண்ட டபிள்யூ.டி.எம்.-2 இன்ஜின்களோடு குடும்பம் நடத்தியவன். டீசல் இன்ஜினில் ஸ்பார்க் பிளக்கே கிடையாது. காற்றை அழுத்தி அழுத்திச் சூடாக்கி, அதில் டீசலைப் பீய்ச்சினால் தானே பற்றிக்கொள்ளும். ஆகவே பிளக்கைப் பற்றிப் பேச எனக்கு என்ன அருகதை என்று நீங்கள் கேட்கலாம். தெரியாத வேலையைத் தெரிந்ததுபோல் செய்து, அதன் பலனை என் மகள் குடும்பம் நடுமலையில் அனுபவிக்கும்படி விட்டவன் என்ற அருகதைதான்.

நம்மில் ஐம்பதைக் கடந்தவர்கள் எல்லோரும் ஒரு காலத்தில் பஜாஜ் சேத்தக்கை ஒரு பக்கமாகச் சாய்த்து நிறுத்தி உதைத்தவர்கள்தாம். அது டூ ஸ்ட்ரோக் இன்ஜின். பெட்ரோலோடு ஆயிலும் கலந்து போகும். அந்த ஆயில் முழுதும் எரியாமல் பிளக்கின் மூக்கில் கரியாகப் படியும். காலையில் ஆபீஸ் நேரத்தில் வண்டி கிளம்பாது. பக்கவாட்டு மூடியைத் திறந்து, பிளக்கைக் கழற்றி, எமரித் தாளால் தேய்த்து, வாயால் ஊதி, தொப்பியில் செருகி, இன்ஜின் மேல் ஒட்டிவைத்து ஓர் உதை. நீலப் பொறி தெரிந்தால் பிளக் நல்லது; தெரியாவிட்டால் கடைக்குப் போய் ஒரு மைக்கோ பிளக். (பெங்களூரில் 1951இல் ஆரம்பித்த அந்த மைக்கோதான் 2008இல் பாஷ் என்று பெயர் மாற்றிக்கொண்டது.) அந்த வைத்தியம் அந்த வண்டிக்குச் சரியான வைத்தியம். அதில் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். அதே வைத்தியத்தை இன்றைய டர்போ காருக்குச் செய்ததுதான் என் பிழை.

என் மாப்பிள்ளை நாக்பூரில் வேலையாக இருக்கிறார். நல்ல பிள்ளை, ஆனால் கார்ப் பைத்தியம். 2021இல் 1.8 லிட்டர் டர்போ பெட்ரோல் கார் ஒன்றைப் பழையதாக வாங்கினார். கம்பெனியில் 180 குதிரைத்திறனோடு வந்த வண்டி. முதல் சொந்தக்காரர் இன்ஜின் கம்ப்யூட்டரில் மென்பொருளை மாற்றி, டர்போ இன்னும் அதிகக் காற்றைத் தள்ளும்படி செய்து வைத்திருந்தார். "220 வரும் மாமா" என்று மாப்பிள்ளை சொன்னபோது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும், தலைச்சன் பிள்ளை ரேங்க் வாங்கினது மாதிரி.

2023 ஜூன் தொடக்கத்தில், பிள்ளைகளின் விடுமுறைக்குப் போபாலுக்கு வந்திருந்தார்கள். "வேகமா மிதிச்சா லேசா ஒரு உதறல் இருக்கு மாமா" என்றார். நான் சும்மா இருந்திருக்கலாம். ஓய்வு பெற்றவனுக்கு யாராவது ஒரு ரிப்பேர் சொன்னால் எப்படி இருக்கும் என்று ஓய்வு பெற்றவர்களுக்குத் தெரியும். மறுநாள் காலையிலேயே நான்கு பிளக்கையும் கழற்றிவிட்டேன்.

நான்கும் நல்ல வெளிர் காப்பி நிறத்தில் இருந்தன. பிளக் அந்த நிறத்தில் இருந்தால் இன்ஜின் ஆரோக்கியமாக எரிகிறது என்று அர்த்தம். கரி இல்லை, ஆயில் ஈரம் இல்லை, சுட்டு வெளுத்த கொப்புளம் இல்லை. துடைக்க அதில் ஒன்றுமே இல்லை. இருந்தும் கம்பி பிரஷ்ஷால் தேய்த்தேன். கை பழகின பழக்கம். பிறகு இடைவெளியை அளந்தேன். கையேட்டில் 0.8 மி.மீ. என்று இருந்தது. எனக்கு 1 மி.மீ. கிடைத்தது. ஸ்க்ரூ டிரைவர் நுனியை நடு முனையின் மேல் முட்டுக்கொடுத்து, வளைந்த எர்த் முனையைச் சரிசெய்தேன். மூன்றாவது பிளக்கில் 'டிக்' என்று ஒரு சத்தம் கேட்டது. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தேன், ஒன்றும் தெரியவில்லை. திரும்ப மாட்டிவிட்டேன்.

வண்டி முன்னைவிட நன்றாக ஓடியது! இடைவெளி குறைந்ததால் பொறி சுலபமாகத் தாண்டியது, அவ்வளவுதான் காரணம். நானோ என் கைராசி என்று நினைத்துக்கொண்டு இரண்டு வாரம் அக்கம்பக்கத்தில் சொல்லித் திரிந்தேன்.

பரேட்டா மலைச்சாலை

அதே ஆண்டு நவம்பரில் தீபாவளிக்கு வந்துவிட்டு நாக்பூர் திரும்பினார்கள். இட்டார்சியைத் தாண்டி பேதுல் போகும் வழியில் பரேட்டா காட் வருகிறது. சாத்பூரா மலையில் ஏறும் பாதை. நம் ரயில்பாதையிலும் அந்தப் பக்கம் தாராகோ - மரம்ஜிரி இடையில் கடும் ஏற்றம். சரக்கு வண்டிகளுக்குப் பின்னால் பேங்கர் இன்ஜின் சேர்த்துத் தள்ள வேண்டிய இடம். அந்த மலைச்சாலையில் ஒரு லாரியை முந்துவதற்காக மாப்பிள்ளை மிதித்திருக்கிறார். லாரிக்குச் சரிபாதி தூரம் வந்ததும் வண்டி உதறி, இழுவை போய்விட்டது. டாஷ்போர்டில் மஞ்சள் நிற இன்ஜின் விளக்கு மின்னி மின்னி அணைகிறது. எதிரே பஸ். பிரேக்கை மிதித்து லாரிக்குப் பின்னால் ஒதுங்குவதற்குள் பஸ் ஹாரனை அழுத்தியபடியே கடந்து போயிருக்கிறது. லாரி ஓட்டுநர் கொஞ்சம் இடதுபுறம் ஒதுங்கிக் கொடுத்தார் என்று பிறகு சொன்னார்கள். பின்சீட்டில் என் பேரனும் பேத்தியும்.

என் மகள் நாக்பூர் போய்ச் சேர்ந்த பிறகுதான் போன் செய்தாள். சாதாரணமான குரலில்தான் சொன்னாள். அந்தச் சாதாரணம்தான் அன்று இரவு என்னைத் தூங்க விடவில்லை.

வழியில் பேதுலில் ஒரு மெக்கானிக், முதல் சிலிண்டர் பிளக்கைக் கழற்றி நம் பழைய சேத்தக் முறையில் வெளியே வைத்துப் பார்த்து, "ஸ்பார்க் ஜோராக வருகிறது, பிளக்கில் குறையில்லை" என்று சொல்லியிருக்கிறார். நாக்பூரில் ஒரு பெரிய ஒர்க்‌ஷாப், அதையே வேதவாக்காக வைத்துக்கொண்டு, நான்கு இக்னிஷன் காயில், இன்ஜெக்டர் சுத்தம், டர்போ சோதனை என்று ரூ. 85,000க்கு எஸ்டிமேட் கொடுத்துவிட்டது. மாப்பிள்ளை எனக்குப் போன் செய்து, "என்ன செய்யட்டும் மாமா?" என்றார். "ஒண்ணும் செய்யாதீங்க மாப்பிள்ளை, வண்டியை எடுக்கவும் எடுக்காதீங்க. நான் வர்றேன்" என்றேன். காலையில் போபாலில் தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் பிடித்தால் மதியம் நாக்பூர். கருவிப் பெட்டியோடு ஏறினேன்.

வண்டியை எடுக்காதே என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. அந்த மஞ்சள் விளக்கு அசையாமல் எரிந்தால் சீக்கிரம் காட்டுங்கள் என்று பொருள். மின்னினால், உள்ளே பெட்ரோல் எரியாமல் வெளியேறிக்கொண்டிருக்கிறது, உடனே காலை எடு என்று பொருள். எரியாத பெட்ரோல் புகைக் குழாயில் உள்ள கேட்டலிடிக் கன்வர்ட்டருக்குப் போய் அங்கே எரியும். அதன் உள்ளே இருக்கும் தேன்கூடு போன்ற பாகம் அந்தச் சூட்டில் உருகிவிடும். அதன் விலை பிளக்கின் விலையைப்போல் பல மடங்கு. மின்னும் விளக்கோடு "வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம்" என்று ஓட்டுகிறவர்களை நான் நிறையப் பார்க்கிறேன்.

வெளியே பொறி, உள்ளே இல்லை

பேதுல் மெக்கானிக் பொய் சொல்லவில்லை. வெளியே பொறி வந்தது உண்மைதான். திறந்த வெளியில் 1 மி.மீ. இடைவெளியைத் தாண்டச் சுமார் 3,000 வோல்ட் போதும். ஆனால் இன்ஜினுக்குள்ளே காற்று பத்து மடங்குக்கு மேல் அழுத்தப்பட்டிருக்கிறது. காற்று நெருக்கமாக ஆக ஆக, அதே தூரத்தைத் தாண்டப் பொறிக்கு அதிக வோல்ட் வேண்டும். பத்தாயிரம், இருபதாயிரம் என்று ஏறிக்கொண்டே போகும். டர்போ வேறு கூடுதலாகக் காற்றைத் திணிக்கிறது. இந்த வண்டியில் மென்பொருளை மாற்றி அதற்கும் மேலே திணித்திருந்தார்கள். நம் ரயில்பாதைக்கு மேலே ஓடும் மின்கம்பியில் இருப்பது 25,000 வோல்ட். கிட்டத்தட்ட அந்த அளவு அழுத்தத்தை ஒரு கட்டைவிரல் பருமன் பீங்கான் தாங்கிக்கொண்டிருக்கிறது. (ரயில் கம்பியைப்போல் ஆளைக் கொல்லும் மின்சக்தி இதில் இல்லை, ஆனாலும் இன்ஜின் ஓடும்போது அங்கே கையை வைக்க வேண்டாம்.)

ஆகவே தேய்ந்த பிளக் நின்ற இடத்தில் நன்றாக ஓடும். சமதரையில் நன்றாக ஓடும். வீட்டிலிருந்து ஆபீசுக்கு ஒரு குறையும் சொல்லாது. முழு இழுவை கேட்கும் நேரத்தில்தான் கையை விரிக்கும். அந்த நேரம் எது? மலை ஏறும்போதும், லாரியை முந்தும்போதும்தான். பேதுல்காரர் செய்தது போலத் திறந்த வெளியில் பொறி பார்ப்பது இந்த வண்டிகளுக்குப் பரிசோதனையே அல்ல. அப்படிக் காயிலை வெளியே எடுத்துப் பொறி விடுவது காயிலுக்கும் நல்லதில்லை.

பொறி தாண்ட முடியாதபோது அந்த மின்சாரம் சும்மா இருக்காது. வேறு வழி தேடும். பீங்கானில் விரிசல் இருந்தால் அதன் வழியே ஓடும். காயிலின் ரப்பர் உறை வெடித்திருந்தால் அதன் வழியே ஓடும். காயிலும் ஒவ்வொரு முறையும் தன் சக்திக்கு மேல் முக்கும். பழைய பிளக்கை வைத்துக்கொண்டு காயிலை மட்டும் மாற்றினால், ஆறு மாதத்தில் புதுக் காயிலும் படுத்துவிடக்கூடும். அந்த எஸ்டிமேட்டில் நான்கு காயில் இருந்தது, பிளக் இல்லை. ஏமாற்றினார்கள் என்று நான் சொல்லவில்லை. கம்ப்யூட்டர் 'மூன்றாவது சிலிண்டரில் எரியவில்லை' என்று சொன்னது. ஏன் எரியவில்லை என்று தேடுவதற்குப் பதில், எரிவதற்கு வேண்டிய சாமான்களையெல்லாம் வரிசையாக எழுதிவிட்டார்கள்.

பிளக் ஏன் தேய்கிறது என்பதற்கு ஒரு கணக்கு. நான்கு ஸ்ட்ரோக் இன்ஜினில் இரண்டு சுற்றுக்கு ஒரு பொறி. நிமிடத்துக்கு 2,200 சுற்று என்று வைத்தால் ஒவ்வொரு பிளக்கிலும் 1,100 பொறி. போபாலிலிருந்து நாக்பூருக்கு ஆறரை மணி நேரம் என்றால் ஒரு பிளக்குக்கு நாலு லட்சத்துக்கு மேல். மாப்பிள்ளை வண்டி அப்போது 62,000 கி.மீ. ஓடியிருந்தது. ஏறக்குறைய 7 கோடி பொறி! ஒவ்வொரு பொறியும் முனையிலிருந்து கண்ணுக்குத் தெரியாத ஒரு துகளைப் பெயர்த்துக்கொண்டு போகிறது. சாதாரண பிளக்கில் முனை நிக்கல் கலந்த உலோகம். 1,455 டிகிரியில் உருகும் சரக்கு. அதனால் அது இருபது, முப்பதாயிரம் கி.மீ.க்கு மேல் தாங்காது. இரிடியம் என்பது 2,400 டிகிரிக்கு மேல் உருகும் உலோகம். ஆகவே அதை அரை மி.மீ. விட்டத்தில் ஊசிபோல் மெலிதாக வைக்க முடிகிறது. மெலிந்த முனையிலிருந்து பொறி சுலபமாகக் கிளம்பும். கூர்மையான ஓரம் இருந்தாலும் அப்படித்தான். ஓரம் மழுங்கினால் இடைவெளி அதேயாக இருந்தாலும் அதிக வோல்ட் கேட்கும். பழைய பிளக்கைப் பார்த்து 'முனை அப்படியேதானே இருக்கு' என்று சொல்வது அதனால் சரியில்லை. இரிடியம் பிளக்கை 60,000 முதல் ஒரு லட்சம் கி.மீ. வரை வைத்துக்கொள்ளலாம் என்பார்கள். டர்போ வண்டிக்கு அதில் கணிசமாகக் குறையும். உங்கள் வண்டியின் கையேடு என்ன சொல்கிறதோ அதுதான் கணக்கு, என் வார்த்தை இல்லை.

இடம் மாற்றிப் பார்த்தது

நாக்பூர் வீட்டு வாசலில் நான் முதலில் செய்தது செலவில்லாத வேலை. டீசல் ஷெட்டில் 16 சிலிண்டரில் எது சோம்பேறி என்று தெரிய வேண்டுமானால், ஓடும்போதே ஒவ்வொரு சிலிண்டராக எண்ணெயை நிறுத்திப் பார்ப்போம். எதை நிறுத்தினாலும் இன்ஜின் சத்தம் மாறும். எதை நிறுத்தியும் மாறவில்லையோ அதுதான் குற்றவாளி. இங்கே அதற்குச் சமமான வழி, இடம் மாற்றுவது. மூன்றாவது சிலிண்டர் காயிலை முதலாவதிலும், முதலாவதை மூன்றாவதிலும் போட்டேன். தெரிந்த பையன் ஒருவனிடம் சின்ன ஸ்கேனர் இருந்தது. பழைய கோடை அழித்துவிட்டு, மாப்பிள்ளையை மட்டும் ஓட்டச் சொல்லி, ஊருக்கு வெளியே மேம்பாலம் ஒன்றில் ஒரே ஒருமுறை மிதிக்கச் சொன்னேன். கோடு மறுபடியும் பி-0303 என்று வந்தது. கடைசி எண்தான் சிலிண்டர் எண். காயில் இடம் மாறியும் நோய் மூன்றிலேயே நின்றது. காயில் நிரபராதி. இந்தச் சோதனைக்கு ஒரு பைசா செலவில்லை. 85,000 ரூபாய் எஸ்டிமேட் போட்டவர்கள் இதைச் செய்திருக்கலாம்.

மறுநாள் காலை இன்ஜின் நன்றாக ஆறிய பிறகு மூன்றாவது பிளக்கைக் கழற்றினேன். இரிடியம் ஊசி பாதியில் முறிந்திருந்தது. அதைச் சுற்றியிருக்கும் வெள்ளைப் பீங்கான் மூக்கில் ஒரு சில்லு பெயர்ந்து, அங்கிருந்து மேலே பென்சில் கோடுபோல் ஒரு கறுப்புத் தடம். கோட்டின் பக்கத்திலேயே பிரஷ் கம்பியின் உலோகக் கீறல்கள். ஜூன் மாதத்தில் கேட்ட 'டிக்' சத்தம் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

மற்ற மூன்றும் 0.9 மி.மீ. அளவில், ஓரம் மழுங்கி, வயதானவையாக இருந்தன. எப்படியும் மாற்ற வேண்டியவைதான். ஆனால் மூன்றாவதை உடைத்தது வயது இல்லை. இரிடியம் முனையைப் பிரஷ்ஷால் தேய்க்கக் கூடாது. அதன் மேல் எதையும் ஊன்றக் கூடாது. இடைவெளி சரிசெய்ய வேண்டுமானால் எர்த் முனையை மட்டும் அதற்குரிய கருவியால் பிடித்து வளைக்க வேண்டும். நடு முனையையும் பீங்கானையும் தொடவே கூடாது. பிளக் கீழே விழுந்தால்கூடத் தூரப் போட்டுவிட வேண்டும், விரிசல் கண்ணுக்குத் தெரியாது. இவையெல்லாம் பிளக் கம்பெனிகள் தங்கள் குறிப்புகளில் சொல்லும் விஷயங்கள். நான் படிக்கவில்லை. முறிந்த துண்டு இன்ஜினுக்குள் கோடு போடாமல், டர்போவின் இலைகளையும் கெடுக்காமல் வெளியே போனது எங்கள் அதிர்ஷ்டம்.

மாப்பிள்ளை பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். சொல்லாமல் விட்டிருந்தால் அவருக்குத் தெரிந்திருக்காது. பழைய பிளக், தேய்ந்துவிட்டது என்று சொல்லியிருக்கலாம். ஒரு நிமிடம் அந்த எண்ணம் வந்தது என்பதை மறைக்க மாட்டேன். "மாப்பிள்ளை, இது நான் உடைச்சது" என்றேன். ஜூனில் என்ன செய்தேன் என்று சொன்னேன். அவர் பிளக்கைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சற்று நேரம் பேசவில்லை. "காபி சாப்பிட்டுட்டு வரலாம் மாமா" என்றார். காபி சாப்பிட்டோம். டம்ளரைக் கீழே வைத்தபிறகு, "புதுசு நானே மாத்தறேன். நீங்க பக்கத்துல உட்கார்ந்து சொல்லுங்க" என்றார்.

பிளக் வாங்கியதில் ஒரு பாடு. அதே எண் போட்ட பிளக் பாதி விலைக்குக் கடைத்தெருவில் கிடைத்தது. போலிகள் நிறைய உலவுகின்றன. அச்சு மங்கல், ஊசி பருமன் என்று கவனித்தால் தெரியும். அங்கீகாரம் பெற்ற கடையில் பில்லோடு நான்குக்கும் ரூ. 4,400 கொடுத்தோம். எண்ணை மாற்றிக் கேட்பதிலும் ஒரு பொறி இருக்கிறது. பிளக்குக்கு வெப்ப எண் என்று ஒன்று உண்டு. மூக்கு 500 டிகிரி அளவுக்காவது சூடானால்தான் தன் கரியைத் தானே எரித்துக்கொள்ளும். 850க்கு மேல் போனால் பொறி வருமுன்பே பெட்ரோலைப் பற்றவைத்து பிஸ்டனை ஓட்டை போட்டுவிடும். இரண்டுக்கும் நடுவில் நிறுத்துவது அந்த எண். ஜப்பானிய என்.ஜி.கே.யில் எண் ஏற ஏறப் பிளக் 'குளிர்' ரகம். பாஷில் அது தலைகீழ். ஒரு கம்பெனி எண்ணை வைத்து இன்னொன்றை ஊகித்து வாங்கக் கூடாது.

இந்த இடத்தில்தான் 220 குதிரைத்திறன் பேச்சு வந்தது. அந்த மென்பொருளை வைத்துக்கொண்டால் ஒரு படி குளிர் ரகப் பிளக் போட்டு, இடைவெளியை 0.7க்குக் குறைத்து, பாதி கிலோமீட்டரிலேயே மாற்றிக்கொண்டிருக்க வேண்டும். மாப்பிள்ளை அதற்கும் தயாராகத்தான் இருந்தார். நான் ஒன்றும் சொல்லவில்லை; சொல்லும் யோக்கியதை அன்று எனக்கு இல்லை. சமையலறையிலிருந்து என் மகள், "கம்பெனி எப்படிக் குடுத்தானோ அப்படியே இருக்கட்டும். பிள்ளைங்க பின்னாடி உட்கார்றாங்க" என்றாள். அதே வாரம் பழைய மென்பொருள் திரும்பி வந்தது.

மாற்றும் வேலையை மாப்பிள்ளை செய்தார். இரவு முழுதும் ஆறிய இன்ஜின். சிலிண்டர் ஹெட் அலுமினியம். சூட்டோடு கழற்றினால் மரையும் பிளக்கோடு பெயர்ந்து வரும். காயிலை எடுத்ததும் பிளக் குழிக்குள் இருக்கும் மண்ணைச் சைக்கிள் பம்பால் ஊதச் சொன்னேன். ஊதாமல் கழற்றினால் நாக்பூர்ப் புழுதி அத்தனையும் சிலிண்டருக்குள் விழும். புதுப் பிளக்கின் மேல் முனையில் ஒரு சாண் ரப்பர் குழாயைச் செருகி, அதைப் பிடித்துக்கொண்டு குழிக்குள் இறக்கினார். முதலில் இடதுபுறமாக மெதுவாகச் சுற்றினால் மரை ஒன்றில் ஒன்று உட்காரும் சின்ன அசைவு தெரியும். அதன் பிறகு வலதுபுறம். மரை கோணலாக ஏறினால் ரப்பர் குழாய் வழுக்கிவிடும், இரும்பு ஸ்பேனர் வழுக்காது, முறித்துவிடும். அதற்காகத்தான் அந்தக் குழாய்.

கடைசி இறுக்கத்துக்கு டார்க் ரென்ச். வாஷர் வைத்த 14 மி.மீ. பிளக்குக்கு அலுமினிய ஹெட்டில் பொதுவாக 25 முதல் 30 நியூட்டன் மீட்டர், 12 மி.மீ. பிளக்கென்றால் 15 முதல் 20. டார்க் ரென்ச் இல்லாதவர்கள் விரலால் இறுகும் வரை சுற்றி, அதற்கு மேல் புது வாஷருக்கு அரைச் சுற்றிலிருந்து மூன்றில் இரண்டு பங்கு சுற்றுக்குள் நிறுத்த வேண்டும். 'இன்னும் கொஞ்சம்' என்று கை கேட்கும். கொடுக்கக் கூடாது. மரையில் கிரீஸ் தடவுகிற பழக்கமும் வேண்டாம். வழுக்கலினால் ரென்ச் காட்டுவதைவிட அதிகமாக இறுகிவிடும். பழைய பிளக்கின் பீங்கானில், இரும்பு உடலுக்குச் சற்று மேலே, காப்பி நிறத்தில் ஒரு வளையம் இருந்தது. மாப்பிள்ளை பயந்துவிட்டார். அது உயர் மின்னழுத்தத்தால் ஒட்டிய எண்ணெய்த் தூசி, வாயுக் கசிவு இல்லை. அதைக் காட்டிப் பணம் பிடுங்குகிறவர்களும் இருக்கிறார்கள்.

பந்தியில் கேட்ட அன்பருக்கு: எட்டாயிரம் என்பது சற்று அதிகம், ஆனால் அநியாயம் இல்லை. பில்லில் பிளக்கின் கம்பெனியும் எண்ணும் இருக்கட்டும். பழைய நான்கையும் சிலிண்டர் வரிசைப்படி காகிதத்தில் சுற்றித் தரச் சொல்லுங்கள். பையன் நாளைக்கு உதறுகிறது என்றால் அந்த நான்கும் சாட்சி சொல்லும். எமரித் தாளை சேத்தக்கோடு விட்டுவிடுங்கள்.

வேலை முடிந்ததும் பானெட்டின் உள்பக்கத்தில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டினோம். ஷெட்டில் எந்த இன்ஜினைத் தொட்டாலும் தேதி, செய்த வேலை, செய்தவன் கையெழுத்து மூன்றும் பதிவாக வேண்டும். தேதி, கிலோமீட்டர், பிளக் எண், இடைவெளி, இறுக்கம் எல்லாம் எழுதி மாப்பிள்ளை கையெழுத்துப் போட்டார். பேனாவை மூடப்போனவர், அதற்கு மேலே ஒரு வரி இடம் விட்டிருந்ததைக் காட்டி, "ஜூன் மாச வேலைக்கு நீங்க போடணும் மாமா" என்றார். '2023 ஜூன், பிளக் துடைத்தது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.